எட்டு மாதம், நாலு பாட்டில், கொஞ்சம் நல்ல படங்கள்

தேயிலைத் தோட்டம் வரும் சினிமாவை எங்கள் பக்கத்து ஆள் எவனாலும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. கதாநாயகி தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முத்திப்போன இலையாகப் பார்த்துப் பறிப்பாள். அதுவும் பூப் பறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. அந்த வேகத்தில் பறித்தால் சாயங்காலத்துக்குள் ஒரு டம்ளர் டீக்குக்கூட இலை தேறாது. கதாநாயகன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே ஓடி வருவான். தேயிலை என்ன நெல்லா? இடுப்பளவு விறகு அது. ஓடினால் பேன்ட் கிழியும்.

ஒரு படத்தில் சண்டையை டீ ஃபேக்டரிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வில்லனைத் தூக்கி, இலை வாட்டும் தொட்டியில் போட்டு, ஷூ காலோடு ஏறி மிதிக்கிறான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“இலையை மிதிக்கிறான் பாரு. மொத்தமும் வீணாப் போச்சு.”

“ஏனுங்க, அங்க ஒரு ஆளையே மிதிக்கிறான். அது தெரியலீங்களா உங்களுக்கு?” என்றாள் என் மனைவி.

“ஆளு எந்திரிச்சுப் போயிருவான். இலை?”

இப்படித்தான் அந்த எட்டு மாதமும் போனது. அதற்கு முன்னால் நான் படம் பார்க்கிற ஆளே இல்லை. இருபத்தாறு வருடத்தில் பத்துப் படம் பார்த்திருந்தால் அதிகம். வேலை விடாது.

என் வேலை டீ மேக்கர். நீலகிரியில் மஞ்சூருக்குக் கீழே ஒரு ஃபேக்டரி. சின்ன விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற இடம். டீ மேக்கர் என்றால் கடையில் டீ ஆற்றுகிறவர் என்று மலைக்குக் கீழே இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் “பஸ் ஸ்டாண்டு பக்கமுங்களா கடை?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும்.

உங்களுக்குச் சொல்கிறேன். இலையை வாட்டி, மெஷினில் அரைத்து, அந்தப் பச்சைத் தூளைத் தரையில் பரப்பிப் புளிக்க வைப்போம். பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறும். எந்த நிமிடத்தில் அதை அள்ளி டிரையரில் போட வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. முந்தினால் டீ பச்சை வாடை அடிக்கும், நாக்கைப் பிடிக்கும். பிந்தினால் சவசவவென்று போகும். கடிகாரத்தை நம்ப முடியாது. வெயிலுக்கு ஒரு நேரம், மூடுபனிக்கு ஒரு நேரம். குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்க்க வேண்டும். புல் வாடை போய்ப் பழுத்த ஆப்பிள் மாதிரி ஒரு வாசம் ஏறி வரும். அது உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கும் முன்னால் அள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்கெல்லாம் கருவி வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் முதலாளி வாங்கவில்லை. நான் இருந்தேனே.

ஊரெல்லாம் அடங்கிக் கிடந்த அந்த வருடம், ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. எந்தக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் தனி அறையில் படுத்துக் கிடந்தேன். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முட்டாள்தனம்தான். இருபத்தாறு வருடம் மோந்து சம்பாதித்தவன், இன்றைக்கு மூக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வான்? கண் இருக்கிறது, கை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று வேலைக்குப் போனேன். மூன்று நாள் சமாளித்தேன். நாலாம் நாள் மூடுபனி ஃபேக்டரிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வெயில் நாள் நேரத்துக்கு அள்ளச் சொல்லிவிட்டேன்.

முதலாளி இந்த மலையின் படுகர். என் வயதுதான். கத்த மாட்டார், அதுதான் பயம். அன்றைய டீயை வரிசையாகக் கப்பில் ஊற்றி, உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்புவார். அன்றைக்கு ஒரு கப்போடு நிறுத்திவிட்டார்.

“மேக்கர், இதை நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்குங்க.”

அவர் வெளியே போய், ஜெனரேட்டர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வந்தார். டீசலில் ஊறின துணி. என்னைக் கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே பிடித்தார்.

“இது என்ன?”

“துணிங்க,” என்றேன்.

அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஊட்டுக்குப் போங்க. மூக்கு வந்ததும் வாங்க. சித்திரை வரைக்கும் பாக்கறேன். சித்திரையில பச்சை இலை வந்து கொட்ட ஆரம்பிச்சுரும், அப்ப எனக்கு நிரந்தரமா ஒரு மூக்கு வேணும். அது உங்களுதா இருந்தாச் சந்தோசம்.”

மறுநாளே கோத்தகிரியில் இருந்து ஒரு மேக்கரைத் தற்காலிகமாக வரவழைத்தார். எனக்கு வயது ஐம்பத்து நாலு. வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்கிற உத்தேசமும் இல்லை.

ஊட்டியில் ஒரு டாக்டரிடம் போனோம். மாத்திரை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். ஊசி? அதுவும் இல்லை. நாலு வாசனைப் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு காலையும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வேண்டும், மோக்கும்போது அந்த வாசனையை நினைத்துக்கொள்ள வேண்டும் என்றார். வாசனையே வராதபோது எதை மோக்கிறது என்று கேட்டேன். “வராததைத்தான் மோக்கணும்” என்றார். எவ்வளவு நாள் என்றால் சொல்ல முடியாது, வரலாம் என்றார். வராமலும் போகலாமா என்று கேட்டபோது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். இதற்கு ஒரு பஸ், ஒரு ஜீப், ஒரு நாள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் அவளும் வீட்டில். முப்பது வருடத்தில் பகல் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தது அதுவே முதல் தடவை. அவள் ஊறுகாய் பாட்டில் நாலைக் கழுவிக் காய வைத்து ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் பன்னீரில் நனைத்த பஞ்சு, ஒன்றில் நீலகிரித் தைலத்தில் நனைத்த பஞ்சு போட்டு வைத்தாள். நீலகிரித் தைலம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பாட்டிலைத் திறந்து மூக்கை உள்ளே விட்டால் எனக்குக் கண் எரிந்தது. வாசம் இல்லை. வெறும் எரிச்சல்.

மூன்றாம் நாள் பாட்டிலை ஜன்னல் வழியே வீசிவிட்டேன். அவள் கீழே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். உடையவில்லை. எனக்கு அதுவும் கோபம்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூரில் இருக்கிற எங்கள் மகள் போனில் எங்களுக்குப் படம் பார்க்க வழி செய்து கொடுத்தாள். தியேட்டர் எல்லாம் மூடிக் கிடந்ததால் புதுப் படங்களை நேராக வீட்டுக்கே விடுகிறார்கள், என் கணக்கில் உங்களையும் சேர்த்திருக்கிறேன் என்றாள். டி.வி.யில் வர வைப்பதற்குள் மூன்று பேருக்கும் வாய் வலித்துவிட்டது.

“அப்பா, ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணுங்க.”

“எது?”

“மேல இருந்து கீழ இழுங்க.”

“எதை?”

“அம்மாகிட்டக் கொடுங்கப்பா.”

எங்கள் வீட்டில் சிக்னல் ஒரே ஒரு ஜன்னலில்தான் வரும், எதிர்க் குன்றைப் பார்த்த ஜன்னல். போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு அந்த ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் டி.வி.யில் படம் ஓடும். யாராவது போன் செய்தால் படம் நிற்கும். பெரும்பாலும் மகள்தான் செய்வாள், பெரும்பாலும் படத்தின் முக்கியமான இடத்தில், “மூக்கு வந்துச்சாப்பா?” என்று கேட்பதற்கு.

படம் ஓடத் தொடங்கியதும் என் மனைவி சட்டம் போட்டாள்.

“மோந்தாத்தான் படம். படம் போடறதுக்கு முன்னால நாலு. எடவேளைக்கு நாலு.”

“இதுல ஏது எடவேளை?”

“நான் உட்டா எடவேளை.”

அவள் விடுவாள். சரியாகப் பாதிப் படத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டு, தட்டில் முறுக்கு வைக்கிற மாதிரி நாலு பாட்டிலையும் வைத்துக் கொண்டுவருவாள். சத்துணவில் நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பழகினவளிடம் நான் ஒரு ஆள் எந்த மூலைக்கு?

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் படத்தின் பெயர் நிற்காது, கதைதான் நிற்கும். பெரிய ஹீரோ படங்களில் கதையும் நிற்கவில்லை. அவை எல்லாம் ஒன்றுதான். ஒரு ஆள் மெதுவாக நடந்து வருவான், அவன் வருவதைப் பற்றி மற்றவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். நடக்கத் தெரியாதவன் மாதிரி ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறான் என்று நான் கேட்பேன். “சும்மா பாருங்க” என்பாள்.

எங்களுக்குள் ஒரு தரம் பிரிக்கிற முறை இருந்தது. ஃபேக்டரியில் கடைசியாகச் சல்லடையில் பிரித்தால் ‘டஸ்ட்’ என்று பொடி டீ ஒரு பக்கம் வரும், காம்பும் நாரும் ஒரு பக்கம் வரும். வெளியாட்கள் டஸ்ட் என்றால் குப்பை என்று நினைப்பார்கள். தமிழ்நாட்டில் பாதி டீக்கடை ஓடுவதே அதில்தான். சாயம் இறங்கும், திடம் இருக்கும். எனவே நல்ல படம் என்றால் டஸ்ட். கெட்ட படம் என்றால் நார். நடுவில் ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துப்போனது குறைவு.

எனக்குப் பிடித்த முதல் படம் மலையாளம். அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவில் கிணறு. யார் வாளி எந்தப் பக்கம் என்று படம் முழுக்கச் சண்டை. கடைசியில் கிணறு வற்றிப்போகிறது, இரண்டு பேரும் அதன் திட்டில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். முடிந்தது. ஒருத்தனும் பறக்கவில்லை, ஒருத்தனும் மெதுவாக நடக்கவில்லை. நான் டஸ்ட் என்றேன். அவள் நார் என்றாள். “இதைப் பாக்கறதுக்கு எங்க சித்தப்பா ஊட்டுக்கே போயிருக்கலாம்” என்றாள்.

அவளுக்குப் பிடித்தது ஒரு கொரியப் படம், தமிழில் பேசினது. மாமியாரும் மருமகளும் சலவைக் கடை நடத்துகிறார்கள். மகன் ஓடிப்போய்விடுகிறான், மருமகள் போகாமல் இருக்கிறாள். கொரியக் கிழவி மதுரைப் பேச்சில் திட்டுவாள். முதல் பத்து நிமிடம் சிரிப்பாக வந்தது, அப்புறம் அந்த அம்மா அப்படித்தான் பேசும் என்று ஆகிவிட்டது. அந்தப் படத்தில் எந்நேரமும் சாப்பிடுவார்கள். ஆவி பறக்க ஒரு சட்டியைத் திறப்பார்கள், குனிந்து மோப்பார்கள், கண்ணை மூடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும் என்று என் மனைவி ஓட்டிவிடப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். டி.வி.க்குள் இருக்கிற சாப்பாட்டை யாராலும் மோந்து பார்க்க முடியாது. அந்த ஒரு இடத்தில் ஊரும் நானும் ஒன்று. அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தோம்.

இன்னொன்று ஒரு இந்திப் படம். ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க் அறுபது வயதில் சைக்கிள் கற்றுக்கொள்கிறார். விழுகிறார், எழுகிறார். பேரனிடம் திட்டு வாங்குகிறார். பார்த்துக்கொண்டிருந்த நான், “இந்த வயசுல இவனுக்கு எதுக்கு இது” என்றேன். சொன்னதும் என் மனைவி என்னையும் பார்த்தாள், தட்டில் இருந்த பாட்டிலையும் பார்த்தாள். எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனால் அது நார் இல்லை.

பேய்ப் படம் ஒன்று போட்டோம். கதவு திறக்கிற நேரம் கரன்ட் போய்விட்டது. ஐப்பசி மழையில் எங்கேயோ மரம் விழுந்து மூன்று நாள் கரன்ட் வரவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அவள் மறுபடி அதைப் போட விடவில்லை.

மார்கழியில் நான் ஏமாற்றத் தொடங்கினேன். அவள் பாட்டிலை எப்போதும் ஒரே வரிசையில் வைப்பாள். முதலில் கிராம்பு, கடைசியில் தைலம். ஒரு நாள் மூன்றாம் பாட்டிலில் மூக்கை வைத்து, “லேசாப் பன்னீர் வருது” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. மறுநாள் எலுமிச்சையும் வந்தது. அந்த வாரக் கடைசியில் நாலும் வந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டாள். பாயசம் வைத்தாள். முதலாளிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். கொஞ்சம் திடமாகட்டும் என்றேன்.

எந்தப் படம் என்று நினைவில்லை, ஒரு கோர்ட் கேஸ் படம். தீர்ப்புக்கு முன்னால் அவள் இடைவேளை விட்டாள். பாட்டில் வந்தது. முதல் பாட்டிலை மோந்து “கிராம்பு” என்றேன். இரண்டாவது எலுமிச்சை. மூன்றாவது பன்னீர். நாலாவது தைலம் என்று நான் சொல்லும்போது கண் எரியவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

“நாலுலயும் இருக்கறது வெறும் பஞ்சுங்க. தண்ணியில நனைச்சது,” என்றாள்.

நான் டி.வி.யைப் பார்த்தேன். நீதிபதி வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை நாளா?”

“பாயசம் வெச்ச நாளைக்கு முன்னால நாளே.”

“உனக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?”

“அதுக்கு ரெண்டு நாள் முன்னால காலையில குழம்பு அடிபிடிச்சுருச்சு. நீங்க கம்முனு தின்னுட்டு எந்திரிச்சீங்க. வாசம் வந்திருந்தா இந்நேரம் சட்டி பறந்திருக்கும்ல.”

பொய் என்று தெரிந்துகொண்டே பாயசம் வைத்தாளா என்று கேட்டேன். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. பால் வேற வாங்கி வெச்சுட்டேன்” என்றாள். அன்றைக்குத் தீர்ப்புப் போடவில்லை. ஒரு வாரம் படமே கிடையாது என்றாள். அந்த ஒரு வாரமும் நான் காலையும் சாயங்காலமும் ஒழுங்காக மோந்தேன், வேறு வேலை இல்லாததால்.

தை மாதக் கடைசி. காலையில் உறைபனி விழுந்து புல் கருகிக் கிடந்தது. மத்தியானம் நான் ஒரு போலீஸ் படம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அடுப்படியில். திடீரென்று ரப்பர் தீய்கிற நாற்றம். டயர் எரிகிற மாதிரி. எகிறிக் குதித்து மெயினை அணைத்தேன். டி.வி.க்குப் பின்னால் வயரைத் தடவினேன். சூடு இல்லை. மீட்டர் பெட்டியைத் திறந்தேன். இல்லை. கட்டிலுக்குக் கீழே, மச்சில், வெளியே பக்கத்து வீட்டு வேலியில் எல்லாம் தேடினேன். நாற்றம் அடுப்படிப் பக்கம்தான் தடிமனாக இருந்தது.

“எதுக்குங்க கரன்ட்டை நிறுத்தினீங்க?”

“வயர் எரியுது. உனக்குத் தெரியலையா?”

“இல்லீங்க. காப்பிதான் போட்டுட்டிருக்கேன்.”

டம்ளரை நீட்டினாள். டயர் அதில்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “வந்துருச்சுங்களே” என்றாள். அவளுக்கு அது நல்ல செய்தி. நான் நேராகப் போய் டீத்தூள் டப்பாவைத் திறந்தேன். என் கையால் செய்த தூள், ஆடிக்கு முந்தினது. அதுவும் டயர். வெங்காயம் வதக்கினால் டயர். அப்பளம் டயர். மூக்கு வந்திருந்தது. ஆனால் அது என் மூக்கு இல்லை. எவனோ மெக்கானிக்குடையது.

வாசம் இல்லாத ஆறு மாதத்தைவிட அந்த முதல் பதினைந்து நாள்தான் மோசம். இல்லாதபோது வரும் என்று இருக்கலாம். வந்தது இப்படி வந்தால் என்ன செய்வது? டாக்டருக்குப் போன் செய்தோம். பாதிப் பேருக்கு இப்படித்தான் வரும், போகப் போகச் சரியாகலாம் என்றார். மறுபடியும் அந்த ‘லாம்’. படம் போட்டால் எனக்கு உட்கார முடியவில்லை. அவள் போட்டதெல்லாம் நார் என்றேன். கிணற்றுப் படத்தையே நார் என்றேன். அவள் பாட்டில்களை மட்டும் வைத்தாள். கிராம்பு லேசாகக் கிராம்பாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டாளே.

பங்குனியில் ஒரு தெலுங்குப் படம் போட்டோம். பேங்க் மேனேஜர் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் முழிக்கிற முழி சரியில்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். கொன்றது மைத்துனன் என்றேன் நான். அவள் சமையல்காரி என்றாள். “உன் தொழில்காரியையே நீ காட்டிக் கொடுக்கறியா” என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது படம் நின்றது. ஜன்னலில் மஞ்சப்பை அடித்தது. மகள் என்று நினைத்து எடுத்தேன். முதலாளி.

“மேக்கர், சித்திரை வரப்போகுது. நாளைக்கு வந்து மூணு தடவை பாத்துச் சொல்லுங்க. கோத்தகிரிக்காரரும் இருப்பாரு.”

மறுநாள் காலையில் போனேன். கோத்தகிரி மேக்கரை முதல் தடவை பார்க்கிறேன். அவரை வெறுப்பதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். குள்ளமாக, மப்ளர் கட்டி, “வாங்கண்ணா, உங்க கத்தரிக்கோலு, டார்ச்சு எல்லாம் அந்தப் பெட்டியில அப்படியேதான் இருக்குது. நான் தொடல” என்றார். இப்படிப்பட்ட ஆளை எப்படி வெறுப்பது?

முதலாளி முறை சொன்னார். தரையில் பரப்பியதும் இரண்டு பேரும் தனித்தனியாக மோக்க வேண்டும். அவர் தன் நேரத்தைச் சீட்டில் எழுதி முதலாளியிடம் கொடுத்துவிடுவார். நான் வாயால் சொல்ல வேண்டும்.

முதல் தடவை குனிந்து ஒரு பிடி அள்ளினேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி. லேசாகச் சூடான ரப்பர். மறுபடி. டயர் எரிய ஆரம்பித்தது. பழுத்த ஆப்பிள் எங்கேயும் இல்லை. அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் கை சும்மா இருக்காதே, மறுபடி அள்ளியது. நாற்றம் ஏறியது, இன்னும் ஏறியது, ஒரு இடத்தில் வந்து நின்றது. நின்றதை நான் கவனித்தேன். தூளின் நிறத்தைப் பார்த்தேன். “அள்ளுங்க” என்றேன்.

முதலாளி சீட்டைப் பிரித்தார். ஒரு நிமிட வித்தியாசம்.

இரண்டாம் தடவையும் அப்படித்தான். ஏறி, நின்றது. சொன்னேன். சீட்டில் இருந்ததும் அதே நேரம். முதலாளி முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது.

“அப்ப பழைய மாதிரி வாசம் வந்துருச்சு?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆடியில் அப்படித்தான் சொன்னேன், அதன் பலனை எட்டு மாதம் அனுபவித்தாயிற்று.

“இல்லீங்க. டயர் எரியற நாத்தம்தான் வருது.”

கோத்தகிரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“எதுல?” என்றார் முதலாளி.

“டீயில. காப்பியில. வெங்காயத்துல. உங்க ஃபேக்டரி மொத்தமும் இப்ப எனக்கு டயருதானுங்க.”

“அப்பறம் எப்படி நேரத்தைச் சொன்னீங்க?”

“நாத்தம் ஏறுதுங்க. ஏறி ஒரு இடத்துல நிக்குது. நின்னதும் அள்ளச் சொன்னேன்.”

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். வெளியே மூடுபனி இறங்கி, பச்சை இலை ஏற்றி வரும் லாரியின் முகப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. “மூணாவதையும் பாத்துருவோம்” என்றார்.

அன்றைக்கு அந்த மூன்றாவதைப் போல நான் எதையும் மோந்ததில்லை. குளிரில் தூள் அசைவேனா என்றது. டயர் ஏறவே மாட்டேன் என்றது. கோத்தகிரிக்காரர் எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டார். எனக்கு இன்னும் நிற்கவில்லை. பொறுத்தேன். முழங்கால் ஈரமாகிவிட்டது. நின்றது. சொன்னேன். நாலு நிமிட வித்தியாசம். அவர் நேரத்துக்கு ஒரு பங்கை அள்ளியிருந்தார்கள், என் நேரத்துக்கு மீதி. இரண்டையும் தனித்தனியாக டிரையரில் விட்டு, ஆற வைத்து, கப்பில் ஊற்றினார்கள்.

முதலாளி ஒன்றை உறிஞ்சித் துப்பினார். மற்றதை உறிஞ்சித் துப்பினார். மறுபடி முதல் கப். நான் அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எது யாருடையது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், அதனால் யாரும் மூச்சு விடவில்லை.

“அவருது கொஞ்சம் தேவலாம்,” என்றார். “உங்களுது நாலு நிமிசம் பிந்திப் போச்சு. ஆனா ரெண்டும் விக்கும்.”

“டயரு?” என்றேன்.

“வாங்கறவன் டீயைக் குடிப்பான். உங்க மூக்குக்குள்ள என்ன எரியுதுன்னு அவன் எதுக்குக் கேக்கப் போறான்? சித்திரை வைகாசியில ரெண்டு ஷிப்டு ஓட்டணும். காலை நீங்க, மதியம் அவரு. பனி இறங்குச்சுன்னா ரெண்டு பேரும் இருங்க. இன்னொரு தடவை என்கிட்டப் பொய் சொன்னீங்கன்னா, அந்தத் துணியை வாயிலயே திணிச்சுருவேன்.”

கோத்தகிரிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போதும் டயர்தான், ஆனால் பாதி. சில நாள் காலையில் அதற்குள்ளிருந்து பழம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதை நம்பி நான் வேலை செய்வதில்லை. டயர் நின்றால் அள்ளு. அது போதும்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. போன் செய்து சொல்லவும் இல்லை. போன் ஜன்னலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் எடுத்துப் போகவில்லை. கதவைத் திறந்தால் டி.வி.யில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பேங்க் மேனேஜர் படம். முடித்துவிட்டிருந்தாள். நான் இல்லாமல்.

“நாளைக்கு ஆறு மணிக்கு வேலை,” என்றேன். “காலை ஷிப்டு.”

அவள் எழுந்து வந்து என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

“அது சரி, எனக்காக நிறுத்தி வெக்கக் கூடாதா? எட்டு மாசம் சேந்து பாத்துட்டு, கொலையை மட்டும் தனியாப் பாப்பியா? யாரு கொன்னது?”

“தெரியலீங்க,” என்றாள்.

“முழுசாப் பாத்தேல்ல?”

“முழுசாத்தான் பாத்தேன். நீங்க போனதுல இருந்து ஓடிட்டேதான் இருந்துச்சு. ரெண்டாவது தடவை ஓடுதுன்னு நினைக்கறேன். ஒண்ணுமே மண்டையில ஏறல.”